பேச்சுமூச்சு: சுபாங் ரியா ஏரிக்கரையில் ஓடுவோரின் சுவாச நெறி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஓடும்போது மூச்சை எப்படி விடுவது என்று சுபாங் ஜெயாவில் யாரைக் கேட்டாலும் விடை கிடைக்கும். கேட்காவிட்டாலும் கிடைக்கும். பக்கத்து வீட்டு அங்கிள், "மூக்கால இழு, வாயால விடு" என்கிறார். உடற்பயிற்சிக் கூடத்துத் தம்பி, "நெஞ்சால விடாதீங்கண்ணே, வயித்தால விடுங்க" என்கிறார். ஆய்வாளரின் அத்தையோ, "எதுக்கு ஓடணும்?" என்கிறார். மூன்றில் அகமுரண் இல்லாதது அத்தையின் கொள்கை மட்டுமே. அதை ஏற்றால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும் என்பதால் அது பின்னிணைப்புக்குத் தள்ளப்படுகிறது. பின்னிணைப்பு இல்லை.

2. களமும் கருவியும்

களம், சுபாங் ரியா பூங்காவின் ஏரிக்கரை. கருவிகள்: ஒரு சோடி காலணி, ஒரு கைக்கடிகாரம், ஆய்வாளருக்குச் சொந்தமான இரண்டு நுரையீரல்கள். ஆய்வுக்காலம் ஆறு வாரம்; மழை பெய்த நாள், மழை வரும்போல் இருந்த நாள், வராதது கண்டு வருந்திப் படுத்துவிட்ட நாள் ஆகியவற்றைக் கழித்தால் எட்டு நாள்.

களத்தின் தொன்மை குறித்து ஒரு சொல். சுபாங் ஜெயா எழுந்தது சீஃபீல்டு ரப்பர் தோட்டத்தின் மேல். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பிறகு நெரை நெரையாக நடந்து பால்மரம் சீவியவர்கள் இந்த மண்ணில் நாம் ஓடுவதைவிட அதிகமாகவே நடந்திருப்பார்கள். அவர்கள் எண்ணியது மரத்தை; மூச்சை எண்ணும் ஓய்வு பேரப்பிள்ளைகளுக்குத்தான் வாய்த்தது.

3. முன்னோர் கருத்து

வயிற்றால் மூச்சு விடும் கொள்கை அந்தத் தம்பியுடையது அன்று. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், காற்று உந்தியிலிருந்து எழுந்து தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று ஒலியாகிறது என்று பிறப்பியலில் வகுத்துவிட்டார். தம்பி அதற்கு மாதம் கட்டணம் வாங்குகிறார் என்பதே புதுமை.

அடுத்து திருமூலர். மூச்சை 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடச் சொல்கிறது திருமந்திரம். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் நேரம். நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடுபவரின் ஓரடியும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால் மாத்திரைக்கு ஓரடி எனப் பொருத்திப் பார்த்தோம். ஒரு மூச்சுக்கு 112 அடி. அதில் 64 அடி, அதாவது 24 நொடி, மூச்சை அடக்கியபடி ஓட வேண்டும். முதல் சோதனையில் ஆய்வாளர் 19 அடி வரை சென்று ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து செய்யச் சொன்னதை ஓடிக்கொண்டு செய்தது திருமூலரின் பிழையன்று.

மேலைநாட்டார் பக்கம் வருவோம். 1983-இல் டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் இருவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதியதன் சாரம் இது: பாய்ந்தோடும் நாலுகால் விலங்குக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. முன்னங்கால் தரையில் ஊன்றும்போது நெஞ்சு அதிர்கிறது, குடல் முன்னும் பின்னும் ஆடுகிறது. மூச்சு அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நிமிர்ந்து ஓடும் மனிதனுக்கு அந்தக் கட்டு தளர்வு. பல தாளங்களில் அவனால் மூச்சுவிட முடியும். குதிரைக்கு இந்தக் குழப்பமே இல்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் பட் கோட்ஸ் 2013-இல் ஒரு நூலே எழுதி, மூன்றடிக்கு இழு, இரண்டடிக்கு விடு என்றார். எப்போதும் ஒரே காலில் மூச்சை விடத் தொடங்கினால் பாரம் ஒரு பக்கமே விழும் என்பது அவர் வாதம்.

4. உடும்புச் சான்று

ஏரிக்கரையில் ஓர் உடும்பு உண்டு. காலை ஏழரைக்குப் பாதையின் குறுக்கே நடக்கும். யாருக்கும் வழி விடாது. பல்லி இனத்துக்கு ஓட்டமும் மூச்சும் ஒத்துப்போகாது. உடலை இடமும் வலமும் வளைத்து ஓட வைக்கும் அதே தசைகள்தாம் மூச்சையும் இழுக்க வேண்டும். ஆகவே ஓடினால் மூச்சில்லை, மூச்சுவிட்டால் ஓட்டமில்லை. இதற்கு அந்தக் கேரியர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆனால் உடும்பு குறுக்குவழி கண்டது. தொண்டையை உப்பவைத்து, அதையே துருத்தியாக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. 1999-இல் இதையும் ஆய்ந்து நிறுவினார்கள். அதன் கழுத்துத் தோல் புடைத்து அடங்குவதை ஆய்வாளர் மூன்று அடி தூரத்தில் நின்று கண்டார். அது ஆய்வாளரின் கழுத்தைக் கண்டது. இருவரில் யாருக்கு அதிகம் மூச்சு வாங்கியது என்பது இங்கே தேவையற்றது.

5. ஆயுட்கணக்கு

நாளொன்றுக்கு மனிதனுக்கு 21,600 மூச்சு, அதாவது நிமிடத்துக்கு 15 என்பது நம் யோக மரபின் கணக்கு. ஆளுக்கு இத்தனை மூச்சு என்று முன்பே விதித்தாயிற்று; வீணாக்காதே என்பது அதையொட்டி ரோட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் எழுப்பும் தடை. சரிபார்த்தோம். நிமிடத்துக்கு 40 மூச்சாக அரைமணி நேரம் ஓடினால் 1,200 செலவு. சும்மா இருந்தால் 450. கூடுதல் செலவு 750, அதாவது 50 நிமிட ஆயுள். ஆனால் பயிற்சியால் ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு ஒரே ஒரு மூச்சு மிச்சமானாலும், மீதி இருபத்துமூன்றரை மணி நேரத்தில் 1,410 மிச்சம். நிகர லாபம் 660. இதைக் கடையில் எடுத்துரைத்தபோது நண்பர்கள் ஒப்புக்கொண்டு இன்னொரு தே தாரேக்குச் சொன்னார்கள்.

6. கண்டறிதல்

மூக்கு, வாய், வயிறு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு என எல்லாத் தாளங்களும் சோதிக்கப்பட்டன. எண்ணிக்கை தவறியபோதெல்லாம் ஓட்டம் நன்றாக இருந்தது என்பது முதல் முடிவு.

இரண்டாவது முடிவு மூன்று ஆன்ட்டிகளால் கிடைத்தது. கிள்ளானில் நடந்த ஒரு திருமண விருந்தில் பாயசம் தீர்ந்துபோன வரலாற்றை முதல் சுற்றில் தொடங்கினார்கள். ஆய்வாளர் பெருமிதத்துடன் அவர்களைக் கடந்தார். மூன்றாம் சுற்றில் அவர்கள் ஆய்வாளரைக் கடந்தார்கள். பாயசம் இன்னும் முடியவில்லை. அப்போது ஓர் ஆன்ட்டி திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "என்னா தம்பி, பேச்சு மூச்சையே காணோம்?"

ஆய்வு அந்த இடத்தில் நிறைவுற்றது. மூச்சு வாங்குவது பெரும்பாலும் பிராணவாயு போதாமையால் அன்று. சேர்ந்துவிட்ட கரியமில வாயுவை வெளியேற்றவே உடல் அவசரப்படுகிறது. பேசுவதற்கோ மூச்சை அடக்கி, மெல்ல, அளந்து விட வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில் பேச்சுதான் முதலில் தோற்கிறது. எனவே பேச முடிகிறதா என்று பார்ப்பதே ஓட்டத்தின் வேகத்தை அளக்கச் சிறந்த எளிய வழி என்று உடற்பயிற்சி அறிவியலார் இன்று சொல்கிறார்கள். பேச்சை முன்னும் மூச்சைப் பின்னும் வைத்து, போகும் வரிசையிலேயே நம்மவர்கள் என்றோ ஒரு சொல்லாக்கிவிட்டார்கள். அளவுகோலும் நம்மிடமே உண்டு:

முதல் நிலை: எச்சங்கள் அடுக்கி வரும் நெடுவாக்கியம். நாள்தோறும் ஓட உகந்தது.
இரண்டாம் நிலை: எழுவாய், பயனிலை மட்டும். வாரம் ஒருமுறை.
மூன்றாம் நிலை: "ஆமா லா."
நான்காம் நிலை: "லா."
ஐந்தாம் நிலை: தலையாட்டல். உட்காரவும்.

7. மறுப்பும் வரம்பும்

ஆன்ட்டிகள் ஓடவில்லை, நடந்தார்கள் என்று மறுக்கலாம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் தங்கம் வென்றது 50 கிலோமீட்டர் நடையில்தான் என்பதை மறுப்பாளர்கள் நினைவுகூர்க.

புகைமூட்ட நாள்களுக்கு இவ்வாய்வு பொருந்தாது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அத்தையின் கொள்கையே சரி.

8. முடிவு

இம்முடிவுகளை அந்த மூன்று ஆன்ட்டிகளிடமும் நேரில் தெரிவிப்பதே முறை எனக் கருதி, ஆய்வாளர் மறுநாள் அவர்களுடன் ஓடிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். முதல் வாக்கியத்தின் வினைமுற்று வருவதற்குள் அவர்கள் வளைவைக் கடந்துவிட்டார்கள். ஆகவே எழுத்தில் தரப்படுகிறது.