முறையற்ற பந்தின் சமன்மை: ஒரு தம்புள்ளை ஆய்வு

இரு பிழைகள் எப்போது ஒரே பிழை ஆகும் என்ற வினா தங்களுக்கே உரியதென்று கணினிமொழி வல்லார் எண்ணியிருக்கிறார்கள். கோ மொழியில் ஒரே வாசகத்தைக் கொடுத்து எரர்ஸ்.நியூவை இருமுறை அழைத்தால் பிறக்கும் இரு பிழைகளும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கும். ஆனால் இரட்டைச் சமக்குறி இட்டு ஒப்பிட்டால் சமமில்லை என்றே விடை வரும். அங்கே வாசகம் கணக்கில்லை, பிறப்பே கணக்கு. இக்கொள்கைக்குரிய மூலச்சான்று 2010 ஆகஸ்ட் 16 அன்று தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் வெளிப்பட்டது என்பதே நம் துணிபு (காண்க: கோட்டியல், காற்படலம், சூத்திரம் 3).

அன்றைய ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தில் 170 ஓட்டங்களுக்குச் சுருண்ட இலங்கையை வெல்ல இந்தியாவுக்கு இன்னும் ஒரே ஓட்டம். மட்டையாளர் சேவாக் 99இல் நின்றார், சதத்துக்கும் ஒரே ஓட்டம். இலங்கைப் பந்துவீச்சாளர் சுராஜ் ரந்தீவ் கோட்டைத் தாண்டிக் கால்வைத்து வீசினார், சேவாக் சிக்ஸர் அடித்தார். முறையற்ற பந்துக்கான (நோ-பால்) ஓர் ஓட்டத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டதால் அந்த ஆறும் ஏட்டில் ஏறவில்லை. முறையற்ற பந்து மூவகைப்படும். கால் தவறியது முதல் வகை. அதில் ஆராய ஒன்றுமில்லை. தெரிந்தே தாண்டியது இரண்டாவது. பிறர் சொல்லித் தாண்டியது மூன்றாவது. ஓட்டப் பதிவாளருக்கு மூன்றும் ஒரே குறி, ஒரே ஓட்டம். இலங்கை கிரிக்கெட் சபையோ குறியோடு நிற்காமல் பந்தை உரித்துப் பார்த்தது. உள்ளே அணித்தோழர் திலகரத்ன டில்ஷானின் யோசனை இருந்தது. ரந்தீவுக்கு ஒரு போட்டித் தடை, டில்ஷானுக்கு அபராதம். பிழைக்குள் மடித்த பிழையை அடுக்கடுக்காகப் பிரித்துத் தேடும் எரர்ஸ்.இஸ், 2019இல் கோ 1.13 பதிப்போடுதான் வந்தது. முந்துரிமை சபைக்கே (காண்க: கோட்டியல், மூன்றாம் உரையின் அடிக்குறிப்புக்கு எழுந்த மறுப்பு, கறையான் தின்ற பிரதி, தின்னப்பட்ட பகுதி).

சுவடி ஒப்பாய்வாளர் இங்கே தடை எழுப்புவர்: இரு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே தாயேட்டின் வழிவந்தவை என்று கொள்வதே எங்கள் முறை, வாசகமே பிறப்பைக் காட்டிவிடுகிறதே? காட்டுவது உறவைத்தான், ஒருதாய் மக்கள் ஒரே ஆள் ஆகார். அவர்கள் முறையும் பயனற்றதன்று. தவறான ஒரே பக்க எண்ணைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் ஆய்வேடுகளை அம்முறையால் கிளைபிரித்தால், மூலநூலைத் திறந்துபார்த்தவர் எவருமிலர் என்பது தெரிந்துவிடும். அதனாலேயே அப்பணிக்கு ஆள் கிடைப்பதில்லை. தனக்குத்தானே சமமாகாத ‘எண் அல்லாதது’ ஒன்றும் கணினிக் கணிதத்தில் உண்டு. அடித்தும் அடிக்கப்படாததாகிவிட்ட சேவாக்கின் சிக்ஸர் அவ்வினமா என்பதற்குத் தனி நூல் வேண்டும். நிதி கிடைத்தால் இரு தொகுதிகள்.