உப்புத் தொட்டிக்காரர்

உப்புத் தொட்டிக்காரர் வீட்டுக்கு நாம் எந்த முகாந்தரத்தை முன்னிட்டுப் போனாலும், அது கல்யாணப் பத்திரிகை வைப்பதானாலும் சரி, குடியிருப்போர் சங்கத்துச் சந்தா வசூலிப்பதானாலும் சரி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்த மாத்திரத்தில், ஒரு கையால் நாற்காலியைக் காட்டிக்கொண்டே மறு கையால் விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை நம் மூக்குக்கு நேரே நீட்டி, "சார், சரியான சமயத்துக்கு வந்தீங்க; இது மஞ்சளா, பச்சையா?" என்று அவர் கேட்பது நிச்சயம். க்ஷேம லாபம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

குழாயில் இருப்பது அவர் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியின் ஜலம். அதில் ஐந்து மில்லி அளந்தெடுத்து, முதல் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டும் இரண்டாம் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டும் விட்டு, மூடி போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால், அம்மோனியா அறவே இல்லாத நீர் மஞ்சளாகவும், இருக்கிற நீர் அதன் அளவுக்கு ஏற்பப் பச்சையாகவும் நிறம் காட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று கூடவே வருகிற அட்டையில் பூஜ்யத்துக்கு ஒரு மஞ்சளும், அதற்கு அடுத்த 0.25க்குக் கொஞ்சம் பச்சை தோய்ந்த இன்னொரு மஞ்சளும் அச்சிட்டிருக்கிறார்கள். உலகத்தில் உள்ள உப்புத் தொட்டிக்காரர்கள் அனைவருடைய மன நிம்மதியும் இந்த இரண்டு மஞ்சள்களுக்கு நடுவில் உள்ள சந்தில்தான் சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

நாம் அவசரப்பட்டு "மஞ்சள்தான்" என்று சொல்லிவிட்டால், அவர் முகத்தில் சந்தோஷம் தோன்றுவதற்குப் பதிலாக ஒருவிதமான சந்தேகம் படரும். "ட்யூப் லைட்ல பார்த்துச் சொல்லாதீங்க சார், வெயிலுக்கு வாங்க" என்று நம்மைப் பால்கனிக்கு அழைத்துப் போய், வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பின்னால் பிடித்து, மேலிருந்து பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் பார்க்க வேண்டும் என்று நிற்கிற தினுசையும் கற்றுக்கொடுத்து, "இப்போ பாருங்க, அடியில லேசா ஒரு பச்சை ஓடலை?" என்பார். ஓடுகிறது என்றாலோ வந்தது வினை; மீனுக்குப் போட்ட தீனி அதிகமா, வடிகட்டியில் அழுக்கு அடைத்ததா, ராத்திரி யாராவது தொட்டிக்குள் கை விட்டார்களா என்று விசாரணை தொடங்கிவிடும்; நாம் வந்த காரியம் என்னவென்பது நமக்கே மறந்துபோகும். ஆகவே அனுபவஸ்தர்களான அண்டை வீட்டார் நாங்கள் எல்லோரும், மஞ்சள் என்றும் சொல்லாமல் பச்சை என்றும் சொல்லாமல், "நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை சார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் ஒரு சம்பிரதாயத்தை ஏற்படுத்தி வைத்திருக்கிறோம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனுக்கு மட்டும் இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. "மஞ்சள் சார், மஞ்சள், கையெழுத்துப் போடுங்க, கீழே வண்டி நிக்குது" என்பான். அவனுடைய தீர்ப்பை அவர் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவதில்லை.

அவருடைய தர்மபத்தினியோ, தியாகராய நகர்ப் பட்டுக் கடைகளில் ஆயிரம் புடவைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எலுமிச்சை மஞ்சள் எது, மாம்பழ மஞ்சள் எது, கிளிப்பச்சை எங்கே முடிந்து மாந்துளிர்ப் பச்சை எங்கே ஆரம்பிக்கிறது என்றெல்லாம் அரைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடிய அம்மாள். அடுக்களை வாசலில் நின்றபடியே, "அது சுத்த எலுமிச்சை மஞ்சள், பூஜ்யம்தான், போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று அவள் சொல்வாள். விஞ்ஞான விஷயத்தில் புடவை ஞானத்தை நம்புவதற்கில்லை என்பது அவர் கட்சி. "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா அண்ணா?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டதுண்டு, ஆனால் குழாய் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

அம்மோனியாவோடு இது தீர்ந்துபோனால் சகித்துக்கொள்ளலாம். அம்மோனியாவுக்குப் பிறகு நைட்ரைட், நைட்ரைட்டுக்குப் பிறகு நைட்ரேட், அதற்குப் பிறகு காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம் என்று புட்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நைட்ரேட் புட்டிகளில் இரண்டாவதன் மருந்து அடியில் தங்கிவிடுகிற சுபாவமுள்ளதாகையால், சொட்டு விடுவதற்கு முன் அதை அரை நிமிஷமாவது பலங்கொண்ட மட்டும் உதற வேண்டுமாம். அந்தத் திருப்பணி பெரும்பாலும் வந்த விருந்தாளியின் தலையில் விழும். கடைசியில், சம்பந்திகளுக்கு முன்னால் ஜாதகத்தை விரிக்கிற ஜோசியரைப் போல அவர் நோட்டுப் புத்தகத்தை விரித்து, கால்சியம் 420, மெக்னீசியம் 1300, காரத்தன்மை 8 என்று வாசித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் தலையாட்ட வேண்டும்.

இங்கேதான் எனக்கு உண்மையான ஆத்திரம் வருகிறது. கால்சியமும் காரத்தன்மையும், அவ்விரண்டும் ஒன்றோடொன்று கூடிச் சுண்ணாம்பாய் இறங்கிவிடாதபடி தடுத்து நிற்கிற மெக்னீசியமும், கடலில் பவளப் பூச்சிகள் வீடு கட்டிக்கொள்வதற்கு வேண்டிய சாமக்கிரியைகள். இவர் தொட்டியிலோ பவளம் கிடையாது. இருக்கவும் முடியாது, 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் 2001இல் சேர்த்துவிட்டபடியால், அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம், இவரோ சிவப்பு விளக்கில் நடுராத்திரியிலும் வண்டியை நிறுத்துகிற மனுஷர். தொட்டியில் இருப்பவை கொளத்தூர்க் கடையில் வாங்கின இரண்டு கோமாளி மீன்கள் மட்டுமே. நீரில் விஷம் சேராமலும், உப்பும் சூடும் ஏறி இறங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். கால்சியம் 420 ஆனாலும் 380 ஆனாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஆகவே, இல்லாத பவளங்கள் கட்டாத வீட்டுக்கு இவர் தினந்தோறும் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஆகிறது. இதை ஒருநாள் நான் பக்குவமாக எடுத்துச் சொன்னபோது, கல்லின் முதுகில் நகக்கண் அளவுக்குப் படர்ந்திருந்த ஊதாநிறப் பாசியைச் சுட்டிக்காட்டி, "இதுவும் சுண்ணாம்புலதான் சார் வளருது; இது பட்டினி கிடக்கலாமா?" என்று கேட்டார். அது வாஸ்தவந்தான், அந்த ஜாதிப் பாசி சுண்ணாம்பை உண்டுதான் கல்லில் ஒட்டுகிறது. வாஸ்தவமாக இருப்பதுதான் இவர்களிடம் உள்ள கஷ்டம்.

அவருடைய கல்வி சாமான்யமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பி.ஹெச். என்கிற அளவையை 1909இல் கண்டவர் கோபன்ஹேகனில் ஒரு பீர் சாராய உற்பத்திசாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்பவர் என்பதும், 1872 முதல் 1876 வரை சமுத்திரங்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் கப்பல் சேகரித்த ஜலத்தில் 77 மாதிரிகளை டிட்மார் என்கிற ரசாயனி பகுத்து ஆராய்ந்து, எந்தக் கடலில் மொண்டாலும் உப்புகள் ஒன்றுக்கொன்று நிற்கிற விகிதம் மாறுவதில்லை என்று 1884இல் நிலைநாட்டினார் என்பதும், இவர் வீட்டுக் காபி ஆறுவதற்குள் நாம் கற்றுக்கொண்டுவிடக் கூடிய விஷயங்கள். ஒரு சோதனைக் குழாயுமின்றிச் சமுத்திரம் இத்தனை காலமாக அந்த விகிதத்தைக் காப்பாற்றி வருகிறதே என்று அவருக்கு அதன்மேல் மதிப்பு உண்டுதான். ஆனால் திருவான்மியூரில் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற சமுத்திரத்தின்மேல் அவருக்கு லவலேசமும் நம்பிக்கையில்லை. அடையாறும் கூவமும் வந்து விழுகிற கடல், ஐப்பசி கார்த்திகை மழையில் நீர்த்துப்போகிற கடல் என்று அதை ஒதுக்கிவிட்டு, அயல்தேசத்து உப்பைப் பொட்டலமாக வாங்கிப் பீப்பாயில் கரைத்து, ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் நிற்கிறதா என்று சிறிய குழல் ஒன்றில் சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். எதிர்க் கட்டடத்தார், இவர் தங்கள் வீட்டைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்ப்பதாகச் சங்கத்தில் முறையிட்டது தனிக் கதை.

விருந்தாளி மூச்சு விடுவதும் அவர் வீட்டில் கணக்கில் சேரும். ஜன்னலை அடைத்துக் குளிர்சாதனம் ஓடுகிற அறையில் ஜனங்கள் கூடியிருந்தால், அவர்கள் விடுகிற கரியமில வாயு நீரில் கரைந்து பி.ஹெச். இறங்குமாம், இதுவும் வாஸ்தவம். அதனால் பேச்சு சுவாரஸ்யமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, "நீங்க நாலு பேரும் உட்கார்ந்ததுல 8.2 இருந்தது 8.0க்கு வந்துடுச்சு" என்று மீட்டரைக் காட்டுவார். அதற்கு மேலும் உட்கார்ந்திருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தொட்டி வைத்த புதிதில், அழுக்கைத் தின்று தீர்க்கும் கிருமிகள் பெருகுவதற்காக, மீனே இல்லாத நீரில் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விட்டதையும், மாமியார் வெங்காயம்கூடச் சேர்க்காத அந்த வீட்டின் கூடத்தில் அது ஒரு மாதத்துக்கு மேல் கிடந்ததையும் நான் விஸ்தரிக்கப் போவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்துப் பட்டணம் முழுவதும் மின்சாரம் போன அந்த நாட்களையும் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். பம்பு நின்றுவிட்டால் நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் திணறுமென்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, தொட்டி நீரைச் சொம்பால் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றியபடி அவர் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். கை ஓய்ந்தபோது மனைவி வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பிறகு நான். குழாயும் அட்டையும் அந்த நாட்களில் ஒருமுறைகூட வெளியே வரவில்லை. "ரெண்டும் அசையுதா பாருங்க சார்" என்பது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்த கால் மணியில் அம்மோனியா பார்த்தார் என்பது வேறு விஷயம். அந்த முறை நான் மனமறிந்தே மஞ்சள் என்றேன்.

ஆனாலும் 2019ஆம் வருஷத்துக் கோடையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு தெரு முழுவதும் காத்துக் கிடந்த காலம் அது. தொட்டிக்கு உதவும் தூய நீரை ஒரு பங்கு எடுக்க, ஆர்.ஓ. இயந்திரம் ஏறத்தாழ மூன்று பங்கு நீரைக் கழித்துத் தள்ளும். அது அவ்வளவும் இவர் வீட்டுக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் காசு போட்டு வாங்கிய லாரித் தண்ணீர். இதில் வேடிக்கையாகச் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. பொறுப்பில்லாத காரியம், அவ்வளவுதான். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தக் கழிவு நீரைப் பீப்பாயில் பிடித்துக் கொடுத்தால் வாசல் தெளிக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் ஆகுமே என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயம் என்று தலையசைத்து ஒப்புக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதோட டி.டி.எஸ். எவ்வளவுன்னு யாராவது பார்த்தீங்களா சார்?" என்று கேட்டபடி, சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.