கல்லுக்கு ஒரு பெட்டி

கே: ஆபரேஷன் செய்து எடுத்த கிட்னி கல்லை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார் டாக்டர். என்ன செய்ய?

ப: வீடு கட்டப் போதாது! லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்று டைரி எழுதியே புகழ்பெற்றவர் ஒருவர். 1658 மார்ச் 26-ல், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், சிறுநீர்ப்பையைக் கிழித்து டென்னிஸ் பந்து அளவுக் கல்லை எடுத்தார்கள். மனிதர் பிழைத்தார். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் விருந்து வைப்பதென்று முடிவு செய்தார். கல்லுக்குப் பெட்டி செய்ய 25 ஷில்லிங் செலவு வேறு! நீங்கள் பெட்டிக்கு அலையாமல் லேபுக்குக் கொடுங்கள். கால்சியமா, யூரிக் அமிலமா என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி சொல்வார்கள்.

கே: கத்தி வைக்காமலே கல்லை உடைக்கிறார்களாமே?

ப: கல்லடி பட்டது போய், கல்லே அடிபடும் காலம்! அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தது ஜெர்மனியின் டோர்னியர் விமானக் கம்பெனி. அதில் பிடிபட்ட அதிர்ச்சி அலைதான், 1980 பிப்ரவரி 7-ல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கல்லை உடைத்தது. பெரிய கல்லுக்கு இன்றும் துளை போட்டுத்தான் ஆக வேண்டும்.

கே: நானே அறுத்து எடுத்துக்கொண்டால் செலவு மிச்சம்தானே?

ப: ஆம்ஸ்டர்டாமில் யான் டி டூட் என்பவர் 1651-ல் மனைவியை மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு அதைத்தான் செய்தார். கல் முட்டையைவிடப் பெரிது. தொழிலில் கொல்லர், தன்னைக் கொல்லாமல் தப்பியது ஆச்சரியம். கத்தி அவரே அடித்தது. உங்களிடம் உலை இருக்கிறதா?