மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
மூன்றாம் வரிசை நிரந்தரப் பயணி,
ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு செயலர் அவர்கள்,
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
போக்குவரத்து பவன், புதுதில்லி.

பொருள்: ஏழு பேர் அமரும் வண்டியில் ஐவர் அமர்வதும் இருவர் மடிக்கப்படுவதும் – தொடர்பாக.

பார்வை: எங்கள் வண்டியின் ஆர்.சி. அட்டையில் தங்கள் விதிப்படி இருக்கைகள் 7 என்று அச்சிடப்பட்டிருப்பது.

ஐயா,

அளப்பதில் அரசுக்கு உள்ள ஆர்வம் நாடறிந்தது. காரின் நீளத்தை அளக்கிறீர்கள், இன்ஜினின் சிசியை அளக்கிறீர்கள். 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய காருக்கு 2006 பட்ஜெட்டிலிருந்து வரிச் சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அளவு மீறினால் 40. வரி நிதித்துறை சமாச்சாரம் என்று இந்த மனுவை அடுத்த கட்டடத்துக்குத் தள்ளிவிட வேண்டாம். ஏழு என்று எழுத வழிசெய்தது தாங்கள்தான்.

அந்த 4 மீட்டர் கோட்டுக்குள் நிற்பதற்காக ரெனால்ட் டிரைபர் 3990 மில்லிமீட்டரில் வந்தது. ஒரு சென்டிமீட்டரை அரசுக்கு விட்டுக்கொடுத்து, மீதியில் ஏழு பேரை உட்கார வைத்திருக்கிறார்கள். நம் ஒரகடத்தில் செய்த வண்டி, சாமர்த்தியம்தான். மூன்று வரிசையும் விரித்தால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர். ஆனால் ஆம்பூரில் குடும்பம் கிளம்பினால் பிரியாணி தேக்சாவும் கிளம்பும் என்பதை எந்த விதியிலும் தாங்கள் சேர்க்கவில்லை. தேக்சாவுக்கு டிக்கியில் இடமில்லாவிட்டால் அது யார் மடிக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. சீரக சம்பா பிரியாணியின் சூடு சீக்கிரம் ஆறாது ஐயா.

பெரிய வண்டி வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். எர்டிகாவைவிட இன்னோவா ஹைகிராஸ் நீளம். வெளியே ஓரடிக்கு மேல் வித்தியாசம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அளந்தால் 2740 மி.மீ.-க்கு 2850. வித்தியாசம் 110-ஆகச் சுருங்கிவிடுகிறது. ஊரே பெரிய வண்டி என்று சொல்லும் இன்னோவா கிரிஸ்டாவில் அந்த இடைவெளி 2750, எர்டிகாவைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதல். கிரிஸ்டாவில் சுகம் அகலத்தில் இருக்கிறது: 1830-க்கு 1735. தோளோடு தோள் இடிக்காது. மூன்றாம் வரிசையில் முழங்கால் கதை வேறு. பின் அச்சும் ஸ்டெப்னியும் அடியில் இருப்பதால் தரை மேலேறி வருகிறது, கூரை கீழிறங்கி வருகிறது, நடுவில் கிடைத்த உயரத்தில் ஒரு மெத்தையைப் போடுகிறார்கள். தொடை அந்தரத்தில் நிற்க, முழங்கால் மோவாயை விசாரிக்க, உடம்பின் பாரமெல்லாம் பிட்டத்தெலும்பில் இறங்குகிறது.

அதில் யார் உட்கார வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. வீடு சொல்லிவிடுகிறது. முன் இருக்கை மாமாவுக்கு. வழி தெரியும் என்பது காரணம். வழியைச் சொல்வது போன்தான் என்றாலும் போனைப் பிடிக்க ஆள் வேண்டுமே. நடு வரிசையில் ஜன்னலோரம் பாட்டி, வாந்தி வரும் என்பதால். மறு ஜன்னல் மாப்பிள்ளைக்கு, அவர் மாப்பிள்ளை என்பதால். நடுவில் பெரிய அக்கா, இரண்டு பக்கமும் சமாதானம் பேச. பின்னால்? கல்யாணமாகாத சித்தப்பாவாகிய நான், ப்ளஸ் டூ பையன் அல்லது போன மாதம் வந்த சின்ன மருமகள், கூடவே பட்டுப்புடவைப் பை. ஆறு அடி ஆள் முன்னால் போகலாம், “நீதான் ஒல்லியா இருக்கியே” என்ற ஒரு சொல்லில் மற்றவர் பின்னால் போய்விடுவார். ஏறுவதற்கு நடு சீட்டைச் சாய்க்க வேண்டும், அதற்குப் பாட்டி இறங்க வேண்டும். பாட்டி இறங்கமாட்டார். எனவே டிக்கி வழியாக ஏறுவதும் எங்கள் குடும்பத்தில் மரபு.

நடு பெஞ்சை எடுத்துவிட்டு இரண்டு தனி நாற்காலி போட்டு, ‘கேப்டன் சீட்’ என்கிறார்கள். ஓர் இருக்கை குறையும், விலை குறைவதாகத் தெரியவில்லை. ஆனாலும் வரவேற்கிறேன். அந்த இடைவெளியில் ஒரு காலை நீட்டலாம். வாலாஜா வரை என் கால், அப்புறம் பையன் கால்.

டாடா சுமோ காலத்தில் பின்னால் எதிரெதிராகப் பெஞ்ச் இருந்தது. வேலூர் தாண்டுவதற்குள் ஒரு சம்பந்தமே பேசி முடித்துவிடலாம். பாதுகாப்பு என்று பார்த்தால் அதை ஆதரிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

பாதுகாப்பு என்றதும் 2023 அக்டோபர் 1-இல் தாங்கள் தொடங்கிய பாரத் என்கேப் கார் பாதுகாப்பு மதிப்பீடு நினைவுக்கு வருகிறது. ஐந்து நட்சத்திரம் வரை தருகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் முன்பக்க மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன் இருக்கைகளில், குழந்தைப் பொம்மைகள் நடு வரிசையில். மூன்றாம் வரிசை காலி. பொம்மைகூட அங்கே உட்காரச் சம்மதிக்கவில்லை போலும்.

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்ற தகுதியில் ஒன்று சொல்கிறேன். இங்கிலீஷ் அளவில் ஒரு எண் ஏறினால் மூன்றில் ஒரு அங்குலம், ஐரோப்பிய அளவில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். போதாதென்று நடுவே அரை சைஸ். முகம் பார்த்திராத வெளிநாட்டுக்காரரின் கட்டைவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டுமென்று எங்கள் லைனில் தைக்கும் பெண்களுக்குத் தெரியும். அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதத்தை முப்பரிமாணத்தில் அளந்து, நம் பாதம் மேல்நாட்டாரைவிட அகலம் என்று கண்டு, ‘பா’ என்று இந்திய அளவுமுறை ஒன்றையே வகுத்தார்கள். பாதம் வரை வந்த அளவுநாடா, இன்னும் ஒன்றரை அடி மேலே வந்து முழங்காலைத் தொட்டால் என்ன?

லெதர் சீட் என்ற பேச்சை மட்டும் எங்கள் ஊர் ஷோரூமில் குறைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் அழுத்தினாலே ரெக்சின் என்று இங்கே பள்ளிப் பிள்ளை சொல்லும். மே மாத வேலூர் வெயிலில் முதுகும் சொல்லும்.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, ஏழு என்று அச்சிடுமுன் ஏழாவது ஆளை ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். மத்தியப் பிரதேசத்துப் பீதாம்பூரில் 11.3 கி.மீ. அதிவேக வண்டிச் சோதனைத் தடம் அரசுக்கு இருக்கிறது. வட்டமடித்தால் இடுப்பு வலி தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் வாடகையில்லாமல் கிடைக்கின்றன. புடவை கட்டிய ஒருவரை மூன்றாம் வரிசையில் அமர்த்தி, மடியில் தேக்சாவை வைத்து, மேலே ஏற்றி இறக்குங்கள். இறங்கியவர் நிமிர ஆகும் நேரத்தை ஆர்.சி. அட்டையில், இருக்கை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அச்சிடுங்கள். பரிசோதிக்க அதிகாரி வந்தால் சாப்பாடு எங்கள் பொறுப்பு, கத்திரிக்காயோடு. அவர் எந்த வரிசையில் வருவார் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இருக்கை எண் 7.

நகல்: முன் இருக்கை மாமா அவர்களுக்கு – தகவலுக்காகவும், சீட்டை நான்கு விரற்கடை முன்னே தள்ளும் உடனடி நடவடிக்கைக்காகவும்.