அண்ணாச்சி பதில்கள்: தோணி வாரம்

போன வாரம் கேள்வி கேட்டவரின் பெயரைப் போட்டதில் ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லையாம். ஆகவே இந்த வாரம் ஊரும் தொழிலும் மட்டும். வந்த கடிதம் எல்லாம் ஏனோ கப்பலையும் தோணியையும் பற்றியே இருக்கின்றன. சாரலில் ஊரே மிதக்கிறது போலும்.

பலசரக்குக் கடைக்காரர், தென்காசி: கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு தோணியைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி அண்ணாச்சி?

கிழக்கே தூத்துக்குடி, மேற்கே கொல்லம். இரண்டும் நமக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இரண்டு கடலுக்கும் நட்டநடுவில் நிற்கிறவனைவிட நடுநிலையாகப் பேச வேறு எவன் வே இருக்கான்?

விடுதி மேலாளர், குற்றாலம்: எங்கள் ஊரில் கடல் இல்லை என்று யார் சொன்னது?

ஒத்துக்கொள்கிறேன். பேரருவி பாதி வழியில் விழுந்து பொங்கும் பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். இரைச்சல் உண்டு, நுரை உண்டு, கப்பல்தான் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் பார்க்கிங் கட்டணம் வாங்கியிருப்பீர்கள்.

கல்லூரி மாணவர், கடையநல்லூர்: கப்பல் ஓட்ட ஆசை. பக்கத்தில் பயிற்சி உண்டா?

ஐந்தருவி சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. தண்ணீர் நிறைந்தால் மிதிபடகு விடுவார்கள். காசைக் கொடுத்துக் கால்வலியை வாங்குகிற கடற்பயணம் அது ஒன்றுதான்.

தச்சர், இலஞ்சி: தோணிக்கு எந்த மரம் தோது?

ஒரே மரம் என்றால் தோணி சிரிக்கும். அடியில் முதுகெலும்பாகப் படுப்பது ஏரா. அதிலிருந்து விலா எலும்பாக எழுவது வங்கு. பலகைக்கு நேராக வளர்ந்த மரம் வேண்டும்: தேக்கு, அயினி, வெண்தேக்கு. வங்குக்கு மட்டும் பிறவியிலேயே வளைந்த மரம்தான் வேண்டும். கருவேலம், வாகை என்று தேடி அலைவார்கள். நேர்மரத்தை வளைத்தால் ஒரு நாள் வெடிக்கும், தானே வளைந்தது வெடிக்காது. கோணலாய் வளர்ந்தவனைத் தேடிப் போய்க் கும்பிட்டுக் கூட்டிவரும் தொழில் இது. அடுத்த வீட்டுப் பையனைப் பற்றி இனி வாய் திறக்காதீர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஆய்க்குடி: புன்னை நெய்தல் நிலத்து மரமல்லவா? மலைக்காரர்கள் உரிமை கொண்டாடலாமா?

கடற்கரைப் புன்னை உங்களுடையது, அம்மா. அதன் தாயாதி ஒருவன் மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டில் வானத்தைப் பார்த்து நெட்டையாக வளர்கிறான். வெள்ளைக்காரக் கப்பல்களுக்குப் பாய்மரமாகப் போனவன் அவன்தான். ஆங்கிலத்தில் அவன் பெயர் ‘பூன்’. நம் ‘புன்னை’யை வெள்ளைக்காரன் வாயால் சொன்னால் அவ்வளவுதான் தேறும். ‘தேக்கு’ ‘டீக்’ ஆனதும் இதே பல்வலியில்தான்.

சிவில் என்ஜினீயர், சங்கரன்கோவில்: வரைபடம் இல்லாமல் 300 டன் தோணி கட்டுகிறார்கள் என்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

தோணி கட்டும் தச்சருக்கு ஓடாவி என்று பெயர். அவருடைய வரைபடம் கண்ணிலும் கைமுழத்திலும் இருக்கிறது. நீர் மூன்று தடவை திருத்திய பிளானில் கட்டிய வீட்டில் குளியலறைக் கதவு வாஷ்பேசினில் இடிக்கிறது என்று உம் மனைவி தனிக் கடிதம் போட்டிருக்கிறார்.

பிளம்பர், பாவூர்சத்திரம்: பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் ஒழுகாதா?

ஒழுகும். அதனால்தான் கலப்பத்து. பஞ்சைத் திரித்து இடுக்கில் வைத்து, உளியும் சுத்தியலுமாக அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். மரம் தண்ணீர் குடித்து உப்ப, பஞ்சும் உப்ப, இடுக்கு தானாக இறுகும். தண்ணீரைத் தண்ணீராலேயே அடைக்கிற வித்தை. டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டு 500 ரூபாய் கேட்கிறவர்கள் கவனிக்க.

இல்லத்தரசி, சுரண்டை: போர்த்துகீசியர் நம் பக்கம் எதை விட்டுப் போனார்கள்?

ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசை மேலிருக்கும் சாவியால் அலமாரியைத் திறந்து பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் கப்பலில் வந்த சரக்கு நாலு இருக்கிறது. வேலைக்கு வராத மேஸ்திரியும் அவர்கள் சொல்தான். வராமல் இருப்பது மட்டும் நம் சொந்தக் கண்டுபிடிப்பு.

பரோட்டா மாஸ்டர், பிரானூர் பார்டர்: எங்கள் தொழிலுக்கும் வள்ளக்காரர் தொழிலுக்கும் ஏதாவது சம்பந்தம்?

மர வள்ளத்துக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசுவார்கள். இரண்டு தொழிலிலும் எண்ணெயைக் குறைத்தால் சரக்கு வெடித்துவிடும். ஒரே வித்தியாசம், எண்ணெயால் வள்ளத்துக்கு ஆயுள் கூடும்.

சித்த வைத்தியர், குற்றாலம்: மரக்கலத்துக்குப் பெரிய எதிரி புயல்தானே?

புயல் சொல்லிவிட்டு வரும். சொல்லாமல் வருவது கப்பல் புழு. பெயர்தான் புழு, பிறப்பால் அது சிப்பி வகை. ஓட்டையே ரம்பமாக்கிக்கொண்டு பலகைக்குள் சுரங்கம் தோண்டும். வெளியே பார்த்தால் ஊசித்துளை, உள்ளே பார்த்தால் தேன்கூடு. ஆனால் நன்னீரில் தாக்குப்பிடிக்காது. ஆற்று முகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திப் புழுவைச் சாகடிப்பது உலகெங்கும் மாலுமிகளின் பழைய உத்தி. குற்றாலத் தண்ணீர் சகல நோய்க்கும் மருந்து என்று நீர் சொல்வதில் இந்த ஒரு நோய்க்கு நான் சாட்சி.

பூக்கடைக்காரர், தென்காசிக் கோயில் வாசல்: எங்கள் கோபுர வாசல் காற்றுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டா?

அரபிக்கடலில் கிளம்பி, ஆரியங்காவுக் கணவாயில் நுழைந்து, உம் பூக்கூடையைக் கவிழ்க்கிற காற்று அது. இதே காற்றைப் பிடித்துத்தான் அரபு மாலுமிகள் மிளகு வாங்க வந்தார்கள். அவர்கள் ‘மவ்சிம்’ என்றார்கள்; வெள்ளைக்காரன் ‘மான்சூன்’ என்றான்; நாம் ‘சீசன்’ என்கிறோம். அவர்கள் பொன்னைக் கொடுத்து மிளகை அள்ளிப் போனார்கள். நாம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

லாரி உரிமையாளர், ஆலங்குளம்: தூத்துக்குடித் தோணி உண்மையில் என்னத்தைச் சுமக்கிறது?

முதலில் கப்பலுக்கே போர்ட்டராக இருந்தது. பழைய தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் அரிசி மூட்டையும் தோணியில்தான் போய் ஏறும், தோணியில்தான் வந்து இறங்கும். 1974இல் புதிய துறைமுகம் வந்தது. கப்பல் நேரே கரையை ஒட்டி நின்றது. இடைத்தரகர் வேலை போயிற்று.

வேறு தொழிலாக இருந்தால் மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். தோணி என்ன செய்தது? என்ஜினை மாட்டிக்கொண்டு தானே வெளிநாடு கிளம்பிவிட்டது. காய்கறி, சிமென்ட், செங்கல் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிறது. பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் தீவுத்துறையில் தோணி உரசிக்கொண்டு நிற்கும். உம்ம 16 சக்கர லாரி போகாத சந்தில் குட்டியானை போகிறதே, அதே கணக்கு.

பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்றவர்: தூத்துக்குடியில் ‘தண்டல்’ என்றால் மரியாதை கொடுக்கிறார்களே, ஏன்?

அங்கே தண்டல் என்றால் தோணியின் கேப்டன். தண்டல் வந்தால் தோணி கிளம்பும். இங்கே தண்டல் வந்தால் நீர் கிளம்புவீர். ஊரை ஏன் மறைத்தீர் என்று இப்போது புரிகிறது.

பத்தாம் வகுப்பு மாணவி, வாசுதேவநல்லூர்: கொற்கை துறைமுகம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. போய்ப் பார்த்தால் வாழைத்தோட்டம்தான் இருக்கிறது.

புத்தகமும் சரி, வாழையும் சரி, தாயி. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் காயலுக்கு மாறினார்கள். காயலும் தூர்ந்ததும் தூத்துக்குடிக்கு. இதில் நமக்கும் பங்குண்டு: குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. பாண்டியன் துறைமுகத்தை மூடிய கோஷ்டியில் நம் மலை மண்ணும் இருந்தது. கேஸ் போட்டுவிடாதே.

கால்நடை மருத்துவர், கீழப்பாவூர்: மார்க்கோ போலோ நம் பக்கம் வந்தாரா?

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயலுக்கு வந்தார். பாண்டியன் கப்பல் கப்பலாகக் குதிரை இறக்குவதையும், அவை வருடம் தவறாமல் சாவதையும் எழுதிவைத்தார். காரணம்? சோறும் சமைத்த கறியும் போட்டு வளர்த்தார்களாம். விருந்தோம்பலில் உயிர் விட்ட முதல் அரபு விருந்தாளிகள்.

வழக்கறிஞர், செங்கோட்டை: வ.உ.சி.யின் கப்பலுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

முழுக் கதையும் உங்கள் ஊர்க்காரர் ஒருவரோடுதான் முடிகிறது. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. வ.உ.சி. பிடித்தது சுக்கானை அல்ல, பங்குப் புத்தகத்தை. என் கணக்கில் அதுதான் கடினம். சுக்கானுக்குத் திசை தெரிந்தால் போதும், பங்கு விற்கப் பணக்காரன் வாசலில் நிற்கத் தெரிய வேண்டும்.

எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. பயணிக்குக் குடையும் இலவசம் என்ற அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசிகளை ஒடுக்கியவர்களில் ஒருவர் ஆஷ். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் அவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். புனலூரில் வனத்துறை ஊழியர். கடலில் தொடங்கிய வழக்குக்குக் காட்டிலாகாவிலிருந்து ஆள் போனார். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை, அடுத்த கேள்வி.

ஆங்கில ஆசிரியர், புளியங்குடி: ‘கேட்டமரான்’ நம் சொல்தானே?

கட்டுமரம்தான். டாம்பியர் என்கிற கடலோடி 1697இல் அச்சான தன் பயணநூலில் எழுதிவைத்தார். இன்று அவர்கள் அந்தப் பெயரில் விடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சிவகிரிக்காரர்: மலாய்க்காரர்களும் கப்பலைக் ‘கப்பல்’ என்றுதான் சொல்கிறார்கள்!

நாம் ஏற்றுமதி செய்த சொல். அவர்கள் இன்னும் ‘கபால்’ என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாவாய், வங்கம், கலம், அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி என்று எட்டுப் பத்துப் பெயர் வைத்திருந்த நாம் இன்று எல்லாவற்றையும் ‘போட்’ என்கிறோம்.

டிராவல்ஸ் ஓட்டுநர், தென்காசி: மரக்கப்பலில் தமிழன் போன அதிகபட்சத் தூரம்?

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று தன் வீட்டுப் பெயரை வைத்தார். ஆனால் ஓட்டிப் போனவர்கள் நம் ஆட்கள். உமக்குத் தெரியாததா? வண்டியின் பெயர் முதலாளியுடையது, முதுகுவலி டிரைவருடையது.

டெய்லர், வீரகேரளம்புதூர்: கப்பலைத் தைக்க முடியுமா?

உம்மைவிட நேரத்தோடு தைத்துக் கொடுப்பார்கள். ஆணி அடிக்காமல், பலகையில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைப்பது பழைய முறை. அலை மோதினால் நெளிந்து கொடுக்கும், உடையாது. கடலுக்கடியில் காந்தமலை இருந்து ஆணியைப் பிடுங்குவதால்தான் தைக்கிறார்கள் என்று பழங்கால வெளிநாட்டார் கதை கட்டினார்கள். அதே முறையில் தைத்த ‘கௌண்டின்யா’வை 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்தார்கள். அதுவும் மிதக்கிறது. தீபாவளிக்கு நான் கொடுத்த சட்டை எங்கே வே?

மளிகை மொத்த வியாபாரி, கடையம்: குற்றாலத்தில் கிராம்பு, ஜாதிக்காய் விளைவது எப்படி?

அதுவும் கப்பல் விஷயம்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் குற்றாலத்தில் வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். டச்சுக்காரன் பொத்திப் பொத்தி வைத்த மொலுக்கா தீவுச் சரக்கு கடல் தாண்டி, மலையேறி, சாரலில் குளித்து, இங்கேயே குடியிருக்கிறது. சீசனுக்கு வந்து திரும்ப மனமில்லாமல் போன முதல் கோஷ்டி இதுதான்.

அர்ச்சகர், குற்றாலம்: எங்கள் கோயிலைச் சங்கக் கோயில் என்பார்களே...

ஆம், கட்டிய வடிவமே சங்கு. நிஜச் சங்கைத் தூத்துக்குடிக் கடலில் முங்கி எடுக்கிறார்கள். அது வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகிறது. கடலிலும் கோயிலிலும் முதலில் மூச்சடக்கத் தெரிய வேண்டும். சீசன் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தரிசன வரிசையில் நின்று சொல்கிறேன்.

விஞ்ஞான ஆர்வலர், சாம்பவர்வடகரை: குலசேகரன்பட்டினம் இனி துறைமுகமாகுமா?

ஆகிக்கொண்டிருக்கிறது, ஆனால் மேல்நோக்கி. 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மரக்கலம் போன ஊரிலிருந்து விண்கலம். தமிழுக்குப் புதிய சொல் தேடும் செலவு மிச்சம்.

கடன் வாங்கிப் படம் எடுத்தவர், தென்காசி: கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்கிறார்களே, ஏன்?

நீந்துவதற்கு ஒரு கை குறையும்.

மரக்கடைக்காரர், செங்கோட்டை: ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது நிஜமா?

இதை நீர் கேட்கலாமா? அந்தக் காலத்தில் மலைமரம் மாட்டுவண்டியில் இறங்கிக் கடலுக்குப் போய்த் தோணியானது. இன்று வெளிநாட்டு மரத்தடி இரும்புக் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, லாரியில் ஏறி, உம் அறுவை மில்லுக்கு வருகிறது. அதை அறுத்து நிலை, கதவு, கட்டில் என்று விற்கிறீர். நேரே எதிரே மலை பார்த்துக்கொண்டு நிற்கிறது. வனத்துறைக் காவலில் இருப்பதால் வாய் திறக்க முடியவில்லை, பாவம்.

மறுபடியும் அந்தப் பலசரக்குக் கடைக்காரர், தென்காசி: அண்ணாச்சி, இவ்வளவு அளக்கிறீரே, தோணியில் ஏறியாவது இருக்கிறீரா?

தோணியில் இல்லை, புன்னைக்காயலில் ஒரு வள்ளத்தில். முகத்துவாரம் தாண்டி இரண்டாவது அலையிலேயே காலை இட்லியைக் கடலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தேன். கரையேற்றிவிட்ட வள்ளக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். குற்றாலம் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்: “அருவிக்காரவுகளா? ஒங்களுக்குத் தண்ணி தலைக்கு மேல விழுந்தாத்தான் தாங்கும், அண்ணாச்சி. காலுக்குக் கீழ வந்தாத் தாங்காது.”