ஐந்நூறு பேரை எங்கிருந்து கூட்டிவருவது?

கேள்வி: மேசைக் கணினிகளில் நிறுவி, நடுவே ஒரு சர்வரோடு பேசும் பில்லிங் மென்பொருள் 500 பேரைத் தாங்குமா என்று சோதிக்க எந்தக் கருவி நல்லது?

பதில்: ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துப் பிரியாணி போடுவதைவிட மலிவான வழி உண்டு!

முதலில் ஒயர்ஷார்க்கை வைத்து, மென்பொருளும் சர்வரும் எந்த நெறிமுறையில் பேசுகின்றன என்று ஒட்டுக்கேட்க வேண்டும். சர்வருக்குத் திரையும் பொத்தானும் தெரியாது, வந்து சேரும் பாக்கெட்டுகள்தான் தெரியும். மென்பொருள் நேராக டேட்டாபேஸைக் கேட்கிறதா? 1998-இல் ஸ்டெஃபானோ மட்ஸோக்கி உருவாக்கிய ஜேமீட்டர் போதும். இலவசம், அதே வினவல்களை ஜேடிபிசி வழியே நூற்றுக்கணக்கான த்ரெட்டுகளில் அனுப்பும். ஹேமர்டிபியும் இலவசம்தான், ஆனால் அது ஓட்டுவது தன்னுடைய மாதிரிப் பரிவர்த்தனைகளை. கடையின் பில் அதற்குத் தெரியாது.

பேச்சு எஸ்ஏபி, சிட்ரிக்ஸ், வின்சாக் வழியே நடக்கிறது என்றால் லோட்ரன்னர். மெர்க்குரி நிறுவனத்தில் பிறந்து எச்பி, மைக்ரோ ஃபோகஸ் வழியாக இன்று ஓபன்டெக்ஸ்ட் வீட்டில் இருக்கிறது. காசு கேட்கும்.

மவுஸைத் தானே நகர்த்தும் கருவிகளால் 500 பேராக நடிப்பது கடினம். பொதுவாக ஆளுக்கொரு விண்டோஸ் செஷன் வேண்டும். ஜேமீட்டர் சுமையேற்றும்போது இந்த மவுஸ் கருவிகளை ஓரிரு கணினியில் ஓடவிட்டால், திரை எத்தனை விநாடி திணறுகிறது என்பது தெரிந்துவிடும்.