சொத்துக்கு மருமகன், கடனுக்கு மகன்

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தவரை குடும்பத் தலைவரான காரணவரின் சொத்து சகோதரி மகனான மருமகனுக்கு; பெற்ற பிள்ளைக்கு ஒப்பாரி. கவிமணி அதை மான்மியமாகவே பாடிவைத்தார். 1926-இல் திருவிதாங்கூர்ச் சட்டம் அந்த வழியை மாற்றியது. மகன் வாரிசானான், வீட்டு நடையில் கடன்காரரும் வந்து நின்றார்.

தகப்பனின் பதினாறாம் நாள் அடியந்திரப் பந்தியில் பப்படம் பொடிக்குமுன் குனிந்து, "ஒங்கப்பா தங்கமான மனுசன் பாத்துக்கிடுங்க" என்பார். சட்டைப்பையில் புதிய புரோநோட்டு, பேனா மூடியும் கழற்றியாயிற்று.

ஆனால் சட்டப்படி, தகப்பன் விட்டுப்போன சொத்தின் மதிப்புவரைதான் பிள்ளை பொறுப்பு. அப்பன் கடன் மகனின் புண்ணியக் கடமை என்ற பழைய விதி, 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிந்தைய கடன்களுக்குச் செல்லாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஆகவே பிள்ளைகளே, பந்தியில் பாயசம் குடியுங்கள்; கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.